கெம்பிக்கு ஒரு கை தண்ணீர்

சென்னம்மாள் உட்கார்ந்து சோறு தின்றதைப் பாகலூரில் யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பாள். ஒரு வாய் களி, நாலு அடி நடை, தொழுவத்துப் பக்கம் ஒரு பார்வை, அப்புறம் அடுத்த வாய். பிறந்த வீடு நாட்றாம்பாளையத்துக் காட்டோரம். பன்றி வருகிறதா யானை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வளர்ந்தவள். அப்படி வளர்ந்த பிள்ளைக்குக் காலில் சக்கரம் இருக்காமல் வேறென்ன இருக்கும் என்பான் அவள் புருஷன் சம்பங்கி.

சம்பங்கி அதற்கு நேர் எதிர். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை. உட்கார்வதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் உலகத்தில் உண்டு என்றால் அது அவனுக்காகவே உண்டானது. வீட்டுக்கு வந்தாலும் உட்கார்ந்துதான் இருப்பான். ஒரே கூரையின் கீழே ஒரு காற்றாடியையும் ஒரு அம்மிக்கல்லையும் கட்டிப்போட்டவன் அந்தக் கடவுள்தான். சம்பங்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எண்பதுகளின் நடுவில், ஓசூரைச் சுற்றி மாதத்துக்கு ஒரு கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த காலம். எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ வந்தவர்கள் தொழிற்பேட்டைக் காலனியில் குடியேறினார்கள். அவர்களுக்கெல்லாம் காலையில் காப்பி வேண்டும். காப்பிக்குப் பால் வேண்டும். சென்னம்மாளிடம் கெம்பி இருந்தாள். சிவப்பு மாடு என்பதால் அந்தப் பெயர். அந்தப் பக்கத்துக் கன்னடத்தில் சிவப்புக்குக் கெம்பு என்பார்கள். ஜெர்சிக் கலப்பு, நல்ல கறவை, சென்னம்மாள் கை பட்டால் மட்டும் பாலை இறக்கும். வேறு யார் தொட்டாலும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கஞ்சத்தனம் பண்ணும். விடிவதற்குள் கறந்து, அலுமினியத் தூக்கில் ஊற்றி, முதல் பஸ்ஸில் ஏறிக் காலனி ஸ்டாப்பில் இறங்கிவிடுவாள் சென்னம்மாள்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வாள். தூக்கு வாசற்படியைத் தாண்டுமுன், பானையில் கையை விட்டு உள்ளங்கை நிறையத் தண்ணீர் எடுத்துப் பாலில் விடுவாள். ஒரு கை. அதற்கு மேலே ஒரு சொட்டுக் கிடையாது. லாபத்துக்காக ஊற்றுகிறவள் ஒரு கையோடு நிறுத்துவாளா? இது மாட்டுக்காகச் செய்கிற காரியம். தண்ணீர் படாத வெறும் பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால், அந்தச் சூடு கறந்த மாட்டின் மடியில் போய் இறங்கும், மடி வெந்து கல்லாகிவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பேச்சுப் பேசுகிற ஊரில், மூன்று பேச்சுக்காரர்களும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட சில விஷயங்களில் இது ஒன்று.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சென்னம்மாள் கண்ணால் பார்த்தவள். கெம்பிக்கு முன்னால் அவளிடம் ஒரு கறுப்பு மாடு இருந்தது. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் பாயசத்துக்குப் பால் வேண்டும் என்று வாசலில் நின்று பறக்கவே, இந்த அவசரக் குடுக்கையும் தண்ணீர் விட மறந்து தூக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்த வாரமே கறுப்பு மாட்டின் மடி வீங்கிக் கல்லாகி, பால் நின்றே போனது. பால் நின்ற மாட்டை வைத்துத் தீனி போட அப்போது வழியில்லை. வியாபாரி கயிற்றைப் பிடித்துச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, அது திரும்பித் திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டே போனது. அதற்கப்புறம் அவள் கை பானையைத் தொடாமல் ஒரு நாள்கூடப் பால் வாசல் தாண்டியதில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் ஒரு காலையில் பாஸ்கரன் சார் பிடித்தார். பாஸ்கரன் சுகாதார ஆபீசின் இன்ஸ்பெக்டர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கலப்படப் பாலைப் பிடிப்பது அவர் வேலை. மாதம் பிறந்தால் இத்தனை சாம்பிள் எடுத்தாக வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்குவார்கள். அவர் காலனி ஸ்டாப்பில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தது சென்னம்மாளுக்குத் தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேரே அவர் முன்னால்தான் வந்து நின்றாள்.

"ஏம்மா, தூக்குல என்ன பால்?"

"பசும்பால் சார். எங்க கெம்பி பாலு."

"தண்ணி கிண்ணி கலந்திருக்கியா?"

இந்தக் கேள்விக்கு ஆதி காலத்திலிருந்து பால்காரர்கள் சொல்லிவருகிற ஒரே பதில் 'இல்லை' என்பதுதான். குடத்தோடு ஊற்றுகிறவனும் இல்லை என்பான், கோயில் கற்பூரத்தை அணைத்தும் சத்தியம் பண்ணுவான். சென்னம்மாளுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

"ஒரு கை ஊத்தனன் சார். ஊத்தாம எப்படி எடுத்துக்கினு வர்றது?" என்றாள் நிமிர்ந்து.

ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பால் வாங்க வந்து நின்ற சாந்தம்மாவும் திரும்பிப் பார்த்தாள். சாந்தம்மா திருநெல்வேலிக்காரி, காலனியில் ஒரு ஃபோர்மேன் மனைவி. 'சென்னம்மா பால்னா தண்ணியே கிடையாது' என்று காலனி முழுக்கச் சொல்லி வைத்தவளே அவள்தான். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

பாஸ்கரனே ஒரு நிமிஷம் திகைத்துப்போனார். "ஒரு கையோ ஒரு குடமோ, சட்டத்துக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று பெட்டியைத் திறந்தார். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும். ஸ்டாப்பை ஒட்டி டீக்கடை வைத்திருந்த கௌஸ் மொய்தீனைக் கூப்பிட்டார். பாய் வேண்டாவெறுப்பாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அவரும் அவள் பாலைத்தான் வாங்குகிறவர்.

பாஸ்கரன் சாம்பிளுக்கான காசைக் கொடுத்துப் பாலை வாங்கினார். கலக்கினார். மூன்று பாட்டிலில் பிரித்து ஊற்றினார். பிறகு ஒரு சின்னச் சீசாவை எடுத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் சொட்டுச் சொட்டாக ஏதோ விட்டார். சென்னம்மாள் பாய்ந்துவிட்டாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! பால்ல அவுரு என்னாவோ ஊத்தறாரு! பாய், நீங்க பாத்தீங்க இல்ல?"

"அது மருந்தும்மா. சோதனைக்கு மெட்ராஸ் லேபுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பால் கெடாம இருக்கணும்ல?"

"நான் ஊத்துனா குத்தம், நீங்க ஊத்துனா சட்டமா சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாஸ்கரனும் சிரித்துக்கொண்டே அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். சிரிப்பெல்லாம் அவள் அடுத்ததாகக் கேட்ட கேள்வி வரைக்கும்தான். இதனால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஃபெயில் ஆனால் கேஸ், கேஸ் நின்றால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஜெயில் என்றார் அவர். பாஸ் ஆனால்?

"பாஸ் ஆனா ஒண்ணும் வராது. ஃபெயில் ஆனாத்தான் லெட்டர் வரும்."

"எப்ப வரும்?"

"அது மெட்ராஸ்காரன் கையில இருக்கு" என்று பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை சென்னம்மாளைக் குடைந்தது. ஒன்றும் வராவிட்டால் நல்லது. சரி. ஆனால் இன்றைக்கு ஒன்றும் வரவில்லை என்றால், அது பாஸ் ஆனதால் வராததா, இல்லை வந்துகொண்டிருப்பதால் வராததா? யாரிடம் கேட்பது? நல்ல சேதிக்கு உருவமே இல்லை என்றால் மனுஷி எதைப் பார்த்து மூச்சு விடுவாள்? சும்மாவே நிலைகொள்ளாதவளை நெருப்பின் மேல் நிறுத்திவிட்டுப் போன மாதிரி ஆயிற்று.

ஊர் வாயை உலை மூடியால் மூட முடியுமா? அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் காலனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சாந்தம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏளா சென்னம்மா, உன் வாயாலயே சொல்லிட்டியே! ஒன்னய நம்பி நான் நாலு வீட்டுக்குச் சொன்னேன் பாரு, எனக்கு வேணும். நாளையிலேருந்து நாங்க பாக்கெட் பாலே வாங்கிக்கிடுதோம்."

"அது கெம்பிக்காக ஊத்தறதும்மா, ஒங்கள ஏமாத்தறதுக்கு இல்ல."

"மாட்டுக்குத் தண்ணி தொட்டியில காட்டணும். பால்லயா காட்டுவாவ?"

கதவு சாத்திக்கொண்டது. அந்த வரிசையில் பாதி வீடுகள் அதே வாரத்தில் சாத்திக்கொண்டன. கௌஸ் மொய்தீன் மட்டும் வழக்கம்போல வாங்கினார்.

"மடியில கனம் இல்லன்னா வழியில எதுக்குப் பயம் சென்னம்மாக்கா? விடுங்க."

"என் பயமே மடியிலதான் பாய்" என்றாள் அவள்.

உண்மையில் அவள் சிக்கிக்கொண்டிருந்த இடம் அதுதான். ஜெயிலுக்குப் போனால் ஆறு மாதம் கெம்பியை யார் கறப்பார்கள்? கறக்காத மாடு என்ன ஆகும்? கறுப்பு மாடு போன வழிதான். ஆகவே ஜெயிலுக்குப் போகக் கூடாது. போகக் கூடாது என்றால் தண்ணீர் விடக் கூடாது. விடாவிட்டால் கெம்பியின் மடி? எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டின் மடிதான் வந்து நின்றது.

மறுநாள் காலை கறந்து முடித்துப் பானையில் கையை விட்டாள். உள்ளங்கையில் தண்ணீரோடு தூக்குக்கு மேலே கை நின்றது. இன்றைக்கும் பெட்டியோடு அந்த ஆள் ஸ்டாப்பில் நின்றால்? விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகி மண்ணில் சிந்தியது. வெறும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தூக்கை மூடிவிட்டாள்.

"கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கடி" என்று கெம்பியின் நெற்றியைத் தடவினாள். கெம்பி வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குச் சட்டம் தெரியாது.

அதற்கப்புறம் சென்னம்மாள் இருந்த இருப்பை இருப்பு என்று சொல்ல முடியாது. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே ஓடிப்போய் மறித்துக்கொள்வாள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்பாள். இல்லை என்றால் ஒரு நிமிஷம் முகம் மலரும், அடுத்த நிமிஷம் சுருங்கும். நாளைக்கு வந்தால்? மத்தியானம் ஆனால் பஸ் ஏறி ஓசூர் சுகாதார ஆபீசுக்குப் போய்விடுவாள். அங்கே பாஸ்கரன் இருக்க மாட்டார், சுற்றுக்குப் போயிருப்பார். இருக்கிற ஆளுக்கு ஒரே பதில்தான் தெரியும். "வந்தா வரும்மா." அந்த ஆபீஸ் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி அவள் நடந்த நடையில் அங்கே ஒரு தடமே விழுந்திருந்தது. உட்காரும்மா என்று ஒரு நாள் யாரோ சொன்னதற்கு, உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது என்றாள்.

இதில் சாயங்காலக் கறவை தப்பியது. ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் பொழுது போய்விடும். ஆகவே ஷிஃப்ட் முடிந்து வந்த சம்பங்கியைக் கறக்கச் சொன்னாள். அவனும் மறுக்காமல் உட்கார்ந்தான். உட்காரத்தான் அவனுக்கு நன்றாக வருமே. கெம்பி காலை மாற்றி மாற்றி வைத்தது. கிடைத்த அரைப் பாத்திரத்தோடு சந்தோஷமாக எழுந்துவந்து, "இன்னைக்கு இவ்ளோதான் குடுத்தா" என்பான். சென்னம்மாள் பாத்திரத்தைப் பார்க்கவே மாட்டாள். தபால் வந்ததா என்றுதான் கேட்பாள். மாட்டுக்காகப் பயந்து பயந்து, மாட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள் அந்தப் பைத்தியக்காரி.

ஒரு காலையில் கறக்கக் குந்தி மடியைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரிச் சுட்டது. பின்பக்கத்து ஒரு காம்பு வீங்கி விறைத்திருந்தது. பீச்சினால் பால் திரிதிரியாக வந்தது. கெம்பி வலி தாங்காமல் உதறியது.

சென்னம்மாள் தொழுவத்து மண்ணிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஜெயிலுக்குப் பயந்துக்கினு உன் மடியக் கொளுத்திட்டன்டி. நான் தப்பிச்சிக்கறதுக்கு உன்னக் குடுத்துட்டன்டி கெம்பீ..." சம்பங்கி எழுந்து ஓடிவந்தான். அவன் ஓடி அவள் அதுவரை பார்த்ததில்லை. அப்படியே கால்நடை ஆஸ்பத்திரிக்கும் ஓடி, டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான்.

டாக்டர் மடியை அமுக்கிப் பார்த்தார். "சாயங்காலம் யார் கறக்கறது?" என்றார்.

"நான்தாங்க."

"மொத்தமா கறக்கல நீங்க. மிச்சம் பால் உள்ளயே தங்கிப் போச்சு. அதான் வீங்கியிருக்கு. நல்லவேளை, சீக்கிரம் பாத்தீங்க."

சம்பங்கி குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான். சென்னம்மாள் அவனைத் திட்டவில்லை. அவனைக் கறக்க விட்டது யார்? ஆபீஸ் மரத்தைச் சுற்றப் போனது யார்? டாக்டர் சொன்னதை நம்பினாள். ஆனால் கறுப்பு மாட்டையும் நம்பினாள். பால் தங்கித்தான் மடி வீங்கியது, சரி. மற்ற மாடுகளுக்கும்தான் எத்தனையோ முறை பால் தங்குகிறது. அவள் தண்ணீர் விடாத மாதத்தில் பார்த்து இதற்கு ஏன் வீங்க வேண்டும்? அதற்கு டாக்டரின் ஊசியில் பதில் இல்லை.

காம்புக்குள் மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏறின பாலை விற்கக் கூடாது, கறந்து கொட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சென்னம்மாள் கறந்தாள். எருக்குழிக்குக் கொண்டுபோகுமுன் பானையில் கைவிட்டு ஒரு கை தண்ணீரை எடுத்துப் பாலில் விட்டாள்.

"இந்தா புள்ள, கொட்டற பாலுக்கு என்னாத்துக்குத் தண்ணி?" என்றான் சம்பங்கி.

"அது எனக்கும் கெம்பிக்கும்."

கெம்பி தேறியது. ஆனால் அந்த ஒரு காம்பு கடைசிவரைக்கும் முழுசாகத் திரும்பவில்லை. மூன்றில் நிறையவும் நாலாவதில் கொஞ்சமும் கறந்தது. கெம்பி நிமிர்ந்து தீனி எடுத்த அன்றைக்குச் சென்னம்மாளுக்குள் என்னமோ ஒன்று அறுந்துவிட்டது. இனி இந்த லெட்டருக்காகப் பயந்து ஒரு பொழுதும் கழிக்க மாட்டேன், வருகிறதா இல்லையா என்று அந்த ஆளையே கழுத்தைப் பிடித்துக் கேட்டுவிடுகிறேன் என்று பஸ் ஏறினாள். ஆபீஸ் வரை போக வேண்டியிருக்கவில்லை. காலனி ஸ்டாப்பில் கௌஸ் மொய்தீன் கடை பெஞ்சில் உட்கார்ந்து பாஸ்கரன் டீ குடித்துக்கொண்டிருந்தது பஸ் ஜன்னலிலேயே தெரிந்தது. பஸ் நிற்பதற்குள் குதித்துவிட்டாள்.

"சார், போடறதுன்னா ஜெயில்ல போடுங்க. இன்னைக்கே போடுங்க. மாட்டயும் சேத்துப் போடுங்க. என்னால முடியல சார்."

பாஸ்கரனுக்கு ஆளே சட்டென்று நினைவுக்கு வரவில்லை. "எந்த சாம்பிள்? ஓ, பாகலூர்... ஒரு கைன்னு சொன்ன அம்மாவா? அது எப்பவோ பாஸ் ஆயிடுச்சேம்மா!"

"எப்பவோன்னா?"

"ரிப்போர்ட் போன மாசமே வந்திடுச்சு. பால் நல்ல பால்னுதான் போட்டிருக்கான்."

போன மாதம். கெம்பியின் மடி வீங்குவதற்கு முன்னால். அவள் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்தக் காகிதம் அந்த ஆபீசுக்குள்ளேதான் இருந்திருக்கிறது. சந்தோஷம் வரவில்லை அவளுக்கு. கோபம்தான் வந்தது.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சார்? தெனம் வந்தனே. ஒரு வார்த்த!"

"பாஸ் ஆனா சொல்லணும்னு ரூல் இல்லம்மா" என்றார் பாஸ்கரன். சொன்ன பிறகு அவருக்கே என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். டம்ளரை வைத்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார். "நான் சொல்லியிருக்கலாம்தான். நீ வந்தது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லல. ஆனா இத மட்டும் கேட்டுக்கோ. இந்தத் தடவ உன் மாட்டுப் பால் கெட்டியா இருந்ததால தப்பிச்ச. கோடையில பால் இளகும். அப்ப உன் ஒரு கை தாங்காது. இனிமே ஊத்தாத."

அவர் போய்விட்டார். சென்னம்மாள் கடை முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தாள். ஊற்றாதே என்கிறார். ஊற்றாமல் பார்த்தாயிற்றே, ஒரு காம்பு போயிற்றே. கௌஸ் மொய்தீன் பாவம் என்று அவளுக்கு ஒரு டீ போட ஆரம்பித்தார். பால் சட்டியை அடுப்பில் வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரை அதில் கவிழ்த்தார். எப்போதும் செய்வதுதான். அவள்தான் இன்றைக்குப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஏன் பாய், நீங்க மட்டும் சொம்பு சொம்பா ஊத்தறீங்க. ஒங்களுக்கு ஒண்ணுமில்லியா?"

"எனக்கு என்னாக்கா? வாங்கின அப்பறம் அது என் பாலு. நான் ஊத்தினா டீ. நீங்க ஊத்தினா கலப்படம்!" என்று சிரித்தார் பாய்.

சென்னம்மாள் நின்றாள். நடந்துகொண்டிருந்த கால் நடந்த இடத்திலேயே நின்றது. டீ வேண்டாம் என்று கூடச் சொல்லாமல் காலனிக்குள் விடுவிடுவென்று போய்ச் சாந்தம்மா கதவைத் தட்டினாள்.

சாந்தம்மாவுக்கும் பாக்கெட் பால் கசந்துபோய்தான் இருந்தது. தயிர் உறையவில்லை, ஆடை கட்டவில்லை, வீட்டுக்காரர் காப்பியைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார். ஆனாலும் வீம்பை விட முடியுமா? "என்னளா?" என்றாள் கதவைப் பாதி திறந்து.

"எம் பாலு மெட்ராஸ்ல பாஸ் ஆயிடுச்சும்மா. இன்ஸ்பெக்டரே பாய் கடையில சொன்னாரு, வேணும்னா கேட்டுக்கங்க. நாளையிலேருந்து தண்ணியே தொடாத பால் கொண்டாறன். வேணுமா?"

"அதத்தானே நான் மொதல்லயே கேட்டேன்."

"ஆனா ஒண்ணு. பாத்திரத்துல வாங்கினப்பறம் அது ஒங்க பாலு. அடுப்புல வெக்கறதுக்கு முன்னாடி அதுல ஒரு சொட்டுத் தண்ணி நீங்க ஊத்தணும். எங் கண்ணு முன்னால. ஊத்தினாத்தான் மறுநாள் பாலு."

சாந்தம்மா வாயைப் பிளந்தாள். "காசும் குடுத்து, தண்ணியும் நானே ஊத்தணுமாக்கும்? இதென்ன கூத்து!"

சென்னம்மாளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கெம்பியின் மடி சுட்டதைச் சொன்னாள். கையை இழுத்துக்கொண்டதைச் சொன்னாள். கறுப்பு மாடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதையும் சொன்னாள். சாந்தம்மா பாதிக் கதவை முழுசாகத் திறந்தாள்.

"சரி, கொண்டுட்டு வாளா. ஒரு சொட்டுத்தானே" என்றாள்.

மறுநாளிலிருந்து அந்தக் காலனியில் ஒரு புது வழக்கம் வந்தது. சென்னம்மாள் பாலை அளந்து ஊற்றுவாள். ஊற்றிவிட்டுப் போக மாட்டாள், நிற்பாள். வீட்டுக்காரி உள்ளே போய் விரல் நுனியில் தண்ணீர் எடுத்துவந்து பாலில் சொட்ட வேண்டும். அப்புறம் ஊத்திக்கறேன் என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லை. மதுரைக்காரி சொட்டினாள், கோயம்புத்தூர்க்காரி சொட்டினாள். ஒருத்தி மட்டும் மூடநம்பிக்கை என்றாள். அவளுக்குப் பால் கிடையாது என்று சென்னம்மாள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள். நாலாம் நாள் அவளும் சொட்டினாள். நல்ல பால் கிடைத்தால் கொள்கையாவது ஒன்றாவது.

ஆனாலும் அவள் மனசில் ஒரு முள் இருந்தது. தூக்கு வெறும் பாலோடு வருகிறது. வழியில் பாஸ்கரன் சார் மறித்துச் சாம்பிள் எடுத்தால், அந்தப் பாலுக்கு எந்த வீட்டுக்காரி தண்ணீர் விடுவாள்? அது நேரே மெட்ராஸ் போகும். அங்கே எந்த அடுப்பில் வைத்து எப்படிக் காய்ச்சுகிறார்களோ, யார் கண்டது? ஸ்டாப்பில் இறங்கும்போதெல்லாம் இடுப்புத் தூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு அந்த ஆள் நிற்கிறாரா என்று பார்ப்பாள். முன்னே ஜெயிலுக்குப் பயந்து பார்த்தாள், இப்போது மாட்டுக்குப் பயந்து.

கோடை பிறந்து ஒரு காலை, அவர் நின்றிருந்தார். அதே பெட்டி.

"என்னம்மா, இப்ப எப்படி? ஒரு கையா, ரெண்டு கையா?"

"ஒரு சொட்டு இல்ல சார். எடுத்துக்கங்க" என்றாள். சொன்ன குரல் நடுங்கியது.

பாஸ்கரனுக்கு ஆச்சரியம். பொய் சொல்லத் தெரியாதவள் என்பது அவருக்குத் தெரியும். அப்புறம் ஏன் நடுங்குகிறாள்? கௌஸ் மொய்தீன் வழக்கம்போலச் சாட்சிக்கு வந்து நின்றார். பால் மூன்று பாட்டிலில் இறங்கியது. சென்னம்மாள் பாய் கடைச் சொம்பை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"சார், நான் ஊத்தல. நீங்க வாங்கிட்டீங்க, இப்ப அது ஒங்க பாலு. ஒரே ஒரு சொட்டு நீங்க ஊத்துங்க சார். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நான் ஊத்தினா என் வேலையே போயிடும்மா!" என்று பதறிப்போய்ப் பாட்டில்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் அவர்.

சென்னம்மாள் சொம்போடு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த நாலாவது காம்பு கண் முன்னால் வந்தது. போதாதா, இன்னொன்றும் போக வேண்டுமா? பாஸ்கரன் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார். அந்தச் சின்ன மருந்துச் சீசா வெளியே வந்தது. மூடியைத் திருகினார். முதல் பாட்டிலில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. இரண்டாவது பாட்டில். மூன்றாவது.

அன்றைக்கு இதைப் பார்த்து ஊரைக் கூட்டினவள், இன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சொம்பு மெல்லக் கீழே இறங்கியது.

"மூணுலயும் வுழுந்துதுங்களா சார்?"

"விழுந்துதும்மா. ஏன்?"

"நல்லாப் பாத்தீங்களா?"

"நான் பாத்தன்க்கா. மூணுலயும் வுழுந்துச்சு" என்றார் கௌஸ் மொய்தீன். அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் மனசாரச் சொன்ன சாட்சி அது ஒன்றுதான்.

"அப்பச் சரி. எடுத்துக்கினு போங்க" என்றாள் சென்னம்மாள்.

சொம்பை வைத்தாள். தூக்கைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். பெஞ்சில் உட்கார்ந்து, பாய், ஒரு டீ போடுங்க என்றாள். பாய் போட்டுக் கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தாள். ஓசூர்ப் பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது. அவள் டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.